மெஷின் எங்கேயும் போகாது

மார்ச் 3, செவ்வாய்

இன்று தையல் பிரித்தார்கள். இடது கை நடுவிரலில் நகம் இருந்த இடம் இப்போது மொட்டை. தொட்டால் முழங்கை வரை சுரீர் என்கிறது. பிரித்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "இனிமே ஜாக்கிரதையா இருங்கம்மா. அந்த மெஷின் பக்கமே போகாதீங்க" என்றாள்.

"ஜாக்கிரதையா இருக்கவா, போகாம இருக்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார். "வித்துடலாம்."

"எதை?"

"உனக்குத் தெரியும்."

தெரியும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. விரல் என்னுது, மெஷினும் என்னுது. ஒண்ணுல நுனி போச்சுங்கிறதுக்காக இன்னொண்ணை முழுசாத் தூக்கிக் கொடுக்கணுமா? மாட்டேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன் — மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஷெட் சாவியைக் காணோம். ஆணியில் இல்லை, அலமாரியில் இல்லை. கடைசியில் அவருடைய ஷேவிங் டப்பாவுக்குள் இருந்தது. ஒளித்து வைக்கக்கூடத் தெரியாத மனிதர்.

திறந்தேன். வீட்டுக்குப் பின்னால், கார் வாங்குவோம் என்று கட்டி, கார் வாங்காமல் விட்ட ஷெட் இது. ஒரு பக்கம் அவருடைய ஸ்கூட்டருக்கு. மற்றதெல்லாம் என் ராஜ்யம். நடுவில் மெஷின். இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு பிளவு, பிளவுக்குள்ளிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவு வட்ட ரம்பம் பாதி எட்டிப் பார்க்கும். பலகையைத் தள்ளினால் அறுத்துக்கொண்டே போகும். என் நாற்பத்தாறாவது வயதில் நானே வாங்கி, நானே படித்து, நானே பழகியது. இந்த வீட்டுக் கட்டில், செருப்பு அலமாரி, மகளுடைய படிப்பு மேசை, எல்லாம் இதில் பிறந்தவை. "உன் ரெண்டாவது புருஷன் கூப்பிடறான் பாரு" என்று கேலி செய்வார். இப்போது அந்தக் கேலியை யாரும் செய்வதில்லை.

அன்று அறுத்துக்கொண்டிருந்த நீளப் பலகை பாதியில் அப்படியே கிடக்கிறது. தரையை யாரோ சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவர்தான். மரத்தூள் நனைந்து, காய்ந்து, அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் ஒரு துளிகூட இல்லை. எப்போது கழுவினார்? என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, தனியாக உட்கார்ந்து தேய்த்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மெஷினைத் தொடவில்லை. கால் நடுங்கியது. பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பயந்தவள் அங்கே நிற்கக் கூடாதா என்ன. நின்றேன்.

மார்ச் 6, வெள்ளி

வேலைக்குத் திரும்பினேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை. எல்லோரும் முதலில் என் விரலைப் பார்த்தார்கள், அப்புறம் தங்கள் பல்லைப் பற்றிச் சொன்னார்கள்.

பல் டாக்டர் அறைக்குள் கூப்பிட்டு அறிவுரை சொன்னார். "உங்களுக்கு எதுக்கும்மா அந்தச் சுத்தற சாமான் எல்லாம்? வேற பொழுதுபோக்கு இல்லையா?" காலையிலிருந்து மாலைவரை ஊரார் வாய்க்குள் சுற்றுகிற ஊசியை விடுகிறவர் சொல்கிறார். "நீங்க எப்படி டாக்டர் தைரியமா விடறீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "கை தொங்கக் கூடாது. ஒரு விரலை எப்பவும் பக்கத்துப் பல்லுல ஊன்றிக்கணும். அப்ப ஊசி துள்ளினாலும் கை துள்ளாது" என்றார். அப்புறம் அவருக்கே உறைத்தது போல, "நான் சொல்ல வந்தது அது இல்லை" என்றார்.

எனக்கு வேண்டியது அதுதான். காத்திருக்கும் அறைக்கு நீள பெஞ்ச் வேண்டுமென்று என்னிடம் சொன்னவரே அவர்தான். பாதியில் நிற்கிற பலகை அந்த பெஞ்சுக்கு உரியது. "பெஞ்ச் வரும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். என்னைவிட மூத்தவள், அவருக்கு அக்கா, எனக்கும் அக்காதான். தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தாள். பளபளவென்று, முழங்கை வரைக்கும். வாழ்க்கையில் எனக்கு அவள் வாங்கிக்கொடுத்த முதல் பரிசு என்று நினைக்கிறேன்.

"இவன் விக்கலாங்கிறான், நீ முடியாதுங்கிற. நடுவுல நான் ஒண்ணு சொல்றேன். இதைப் போட்டுக்கிட்டு வேலை செய். அவனுக்கும் நிம்மதி, உனக்கும் மெஷின்" என்றாள். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். பஞ்சாயத்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

"இதைப் போட்டுக்கிட்டு மெஷின் பக்கம் போக மாட்டேன்கா" என்றேன்.

"ஏன்? ஸ்டைல் போயிடுமா?"

"சுத்தற பிளேடு இதைச் சும்மா வெட்டிட்டுப் போகாது. கவ்வும். கவ்வினா இழுக்கும். வெறும் விரல்னா நுனியோட போச்சு. இதோட மாட்டினா கையே உள்ள போகும்."

"உங்க டாக்டரும் கையுறை போட்டுக்கிட்டுதானே பல்லைக் குடையறார்?"

"அது பலூன் மாதிரி. மாட்டினா கிழிஞ்சுடும். இது கிழியாது. கிழியாததுதான் ஆபத்து."

அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, நான் கொழுப்பெடுத்துப் பேசுகிறேன் என்று புரிந்தது. "எதுக்கும் விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்றாள். விரல் குட்டையாகிவிட்டதால் வீக்கத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவில்லை. கோபித்துக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஆசையா வாங்கிட்டு வந்தாங்க. ஒப்புக்காவது சரின்னு சொல்லக் கூடாதா?"

ஒப்புக்குச் சரி என்று சொல்கிற விஷயமா இது? வேறெதற்கு வேண்டுமானாலும் ஒப்புக்குத் தலையாட்டுவேன், ஆட்டியும் இருக்கிறேன், இருபத்தாறு வருஷமாக. இதற்கு மாட்டேன்.

கையுறையை வீணாக்க மாட்டேன். சிராய் குத்தாமல் மரம் தூக்க உதவும். மெஷின் ஓடும்போது மட்டும் அது கதவுக்கு வெளியே.

மார்ச் 9, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமா என்பதைக்கூடத் தலையை ஆட்டிக் கேட்கிறார்.

மார்ச் 12, வியாழன்

அவர் வேலை பார்க்கிற குடிநீர் வாரிய அலுவலகத்திலிருந்து வருவதற்குள் ஒரு வேலை செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, வயரை என் கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேலேயே போட்டுவிட்டு, மெஷினோடு வந்த இரண்டு சாமான்களைத் தேடி எடுத்தேன். பிளேடின் தலைக்கு மேல் உட்காருகிற, உள்ளே தெரிகிற மூடி ஒன்று. பிளேடுக்குப் பின்னால், அறுத்த பிளவுக்குள் நிற்கிற மெல்லிய தகடு ஒன்று. அறுத்த மரம் திரும்ப மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் இருப்பதற்காகத் தருகிறார்கள். "தொந்தரவு" என்று வாங்கிய மாதமே இரண்டையும் கழற்றி வைத்தவள் நான்தான். யார் சொல்லியும் கழற்றவில்லை, யார் மேலும் பழி போட முடியாது.

மாட்டினேன். திருகாணியைப் பிடிக்க அந்த மொட்டை விரல் வரவில்லை. பழைய நினைப்பில் அது முன்னால் போகிறது, போய்க் காற்றைத் தொடுகிறது. நாலு தடவை ஆணி கீழே விழுந்தது. ஐந்தாவது தடவை ஆணியைத் திட்டினேன், நாத்தனாரைத் திட்டுகிற வார்த்தைகளால். மாட்டிக்கொண்டது.

மார்ச் 15, ஞாயிறு

கேவலம். கேவலம். என்ன தைரியம் இவருக்கு.

காலையில் மணி அடித்தது. கழுத்தில் அட்டை தொங்க ஒருத்தர் நின்றார். மரச்சாமான் கடை வைத்திருக்கிறாராம். "மெஷின் விக்கிறதா சார் சொன்னாரு." நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

சண்டையை வாசலில் போட வேண்டாம் என்று ஷெட்டைத் திறந்துவிட்டேன். பார்த்துவிட்டுப் போகட்டும், நான் விற்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஆள் பிளேடு மூடியைத் தூக்கிவிட்டு, பிளக்கைச் செருகி, கேட்காமலே ஸ்விட்சைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தம். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. கண் வேலை செய்தது — அந்த ஆள் மேசை மேல் குனிகிறார், அட்டைக் கயிறு பிளேடுக்கு மேலே ஊஞ்சலாடுகிறது. "நிமிருங்க" என்று கத்தினேன். நிமிர்ந்தார். பயந்துபோய் ஸ்விட்சை அணைத்தார். அணைத்த கையோடு, மேசை மேலிருந்த மரத்துண்டைத் தட்டிவிடக் கையை நீட்டினார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இடது கையால், அந்தக் குட்டை விரலோடு சேர்த்து.

"ஆஃப் பண்ணியாச்சேம்மா" என்றார்.

"ஆஃப் ஆச்சு. நிக்கலை. பாருங்க."

பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் பல் தெரியாது, வெறும் தகடு போல் பளபளக்கும். நின்றுவிட்டது என்று கண் பொய் சொல்லும். அந்த ஆளுடைய மணிக்கட்டை விடாமல் நான் நின்றேன். பல் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்து, மெதுவாகி, நின்றது. அதற்கப்புறம்தான் விட்டேன். அவர் என் விரலைப் பார்த்தார், பிளேடைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே போனார். இனி இந்தத் தெருப் பக்கம் வருவார் என்று தோன்றவில்லை.

நான் நடுங்கவில்லை. அதை இப்போதுதான், எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

கதவருகில் என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் நின்றார். "என்னைக் கேக்காம என் பொருளை விலை பேசறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் "நீங்க யாரு" என்று கேட்டதில்லை. அவர் உள்ளே போனார்.

மார்ச் 16, திங்கள்

வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்தாள். அவள் காதுக்கும் புகார் போயிருக்கிறது போல. "அம்மா, அப்பா போன்ல அழறார்மா" என்றாள்.

"எதுக்கு? விரல் போனது எனக்கு."

"அதான் எனக்கும் புரியலை."

எனக்கும் புரியவில்லை. கோபப்படுகிற மனிதர் கத்துவார், அதட்டுவார். இவர் ஏன் அழுகிறார்? சாவியை ஒளிக்கிறார், ஆள் கூட்டிவருகிறார், அந்தப் பக்கமே திரும்பாமல் ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்துகிறார். மழையில் நனைந்து சீட் ஊறிப்போனாலும் ஷெட்டுக்குள் கொண்டுவரவில்லை. மெஷின் மேல் என்னைவிட அதிக பயம் இவருக்கு ஏன்?

மார்ச் 19, வியாழன்

இன்று தெரிந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாதியில் நிற்கிற பலகையை மேசை மேல் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். அறுப்புக் கோடு முக்கால் தூரம் நேராக வருகிறது. பிறகு ஓர் இடத்தில் மரம் கருகியிருக்கிறது. அங்கிருந்து கோடு பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது. என் பக்கத்திலிருந்து எப்படித் தள்ளினாலும் பலகை அப்படித் திரும்பாது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மறுபக்கத்திலிருந்து யாராவது இழுத்தால்தான் திரும்பும்.

மறுபக்கத்தில் நின்றது அவர்.

அன்று பலகை நீளம். அறுத்த முனை அந்தப் பக்கம் தொங்க ஆரம்பித்தது. உதவிக்கு அவரைக் கூப்பிட்டேன். "பிடிங்க, பிடிங்க" என்றேன். இப்போதும் என் குரலே காதில் கேட்கிறது. அவர் பிடித்தார். பிடித்தவர் சும்மா இருப்பாரா, எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தன் பக்கம் இழுத்தார். ஸ்கூட்டர் இடிக்கிறது என்பதால் நேராக நிற்காமல் கோணலாக நின்றிருந்தார். இழுத்ததும் கோணலாக இழுத்தார். பலகை திரும்பிப் பிளேடின் முதுகில் இறுகியது, பிளேடு அதைத் தூக்கி என் பக்கமே எறிந்தது. பலகை மேல் ஊன்றியிருந்த என் இடது கைக்கு அடியில் பலகை இல்லை, பிளேடு இருந்தது.

தகடு இருந்திருந்தால் இறுகியிருக்காது. கை தள்ளி இருந்திருந்தால் விழுந்திருக்காது. அதெல்லாம் என் கணக்கு. ஆனால் இழுத்தது அவர்.

அவருக்கு இது தெரியுமா?

தெரியும். அதனால்தான் தரையைக் கழுவினார். ஐயோ, அதனால்தான் எல்லாமும்.

மார்ச் 20, வெள்ளி

சொல்லலாமா, விட்டுவிடலாமா? சொன்னால் உடைந்துபோவார். விட்டால் மெஷினை விற்றுவிட்டுத்தான் ஓய்வார்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

என் விரல் ஆறும்வரை காய் நறுக்குவது அவர் பொறுப்பு. சமையல் மேடையில் நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அன்னிக்குப் பலகையை இழுத்தீங்களா?"

கத்தி நின்றது.

"இழுத்தேன்" என்றார். "இழுத்த உடனே தெரிஞ்சுபோச்சு. நீ கத்தறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. நீ கேப்பே கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லை. உன் தப்புன்னே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தே." அப்புறம் அழுதுவிட்டார். வெங்காயம் நறுக்கியிருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும், பாவம், கேரட்.

நானும் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அழுகையோடு கோபமும் வந்தது. அதையும் மறைக்கவில்லை.

"அப்ப மெஷினை விக்கிறது எனக்காக இல்லை. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

"ஷெட்டுக்குள்ள வண்டியை விடணும்னா தினம் அதைத் தாண்டணும்."

"உங்க மனசு ஆறணும்னு என் வேலையைப் பிடுங்குவீங்களா? விரலையும் கொடுத்துட்டு அதையும் கொடுக்கணுமா நான்?"

"என்னைத் திட்டு. நாலு வார்த்தை திட்டேன். நீ திட்டவே மாட்டேங்கிறியே."

"எதுக்குத் திட்டணும்? பிடிங்கன்னு சொன்னேன், பிடிச்சீங்க. நான் சொன்ன வார்த்தை தப்பு."

அது அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதில்லை. இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். பிடி என்றால் தமிழில் என்னவெல்லாம் அர்த்தம். கயிற்றைப் பிடி என்றால் இறுக்கு. திருடனைப் பிடி என்றால் ஓடிப்போய் அமுக்கு. குழந்தையைப் பிடி என்றால் விடாதே. பிடி என்று கேட்ட கை இறுக்கத்தான் செய்யும், தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும். எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, கனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அது போகிற வழியில் போகவிட வேண்டும். அதற்கு வேறு வார்த்தை இருக்கிறது. தாங்கு. நான் சொல்லியிருக்க வேண்டியது "தாங்குங்க". இவ்வளவுதான். ஒரு வார்த்தைக்கு ஒரு விரல் நுனி.

"இனிமே ஷெட்டுக்குள்ள பிடிங்கிற வார்த்தையே கிடையாது" என்றேன். "மெஷின் இருக்கும். எங்கேயும் போகாது. நீங்க உள்ள வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். கேரட்டை முழுவதும் நறுக்கி முடித்தார். அத்தனை கேரட் அன்றைய சமையலுக்குத் தேவையே இல்லை.

மார்ச் 28, சனி

யாரும் தேவைப்படாதபடி ஒரு வழி செய்திருக்கிறேன். கால் வைத்த சட்டம், அதன் தலையில் உருளுகிற குழாய். மறுபக்கம் நிறுத்திவிட்டால் பலகை அதன் மேல் உருண்டு போகும். இழுக்காது, பயப்படாது, அக்காவைக் கூட்டிக்கொண்டு வராது.

மார்ச் 29, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

அரைக்கைச் சட்டை. முடியை இறுக்கிச் சுருட்டினேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் சமையலறையிலேயே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினேன், காதில் அடைப்பு. மூடி, தகடு இரண்டும் இடத்தில். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு காலடி தள்ளி நின்றேன், எறிந்தால் என்மேல் வராது. இடது கையை மேசை விளிம்புக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டேன், பல் டாக்டர் சொன்ன மாதிரி. ஊன்றிய இடத்துக்கு அப்பால் அது போகாது என்று அதனிடம் சொன்னேன். கடைசித் துண்டைத் தள்ள நுனியில் கொக்கி வெட்டிய தள்ளுகட்டை, கைக்கு எட்டுகிற இடத்தில்.

ஸ்விட்ச் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தேன். திரும்ப வைத்தேன். எடுத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. "என்னடி, வித்துடலாமா?" என்று சத்தமாகக் கேட்டேன். கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

சின்னப் பலகைதான். ஆனால் நேராக, சுத்தமாக, கருகாமல் வந்தது. அணைத்தேன். இரண்டு கையையும் வயிற்றோடு வைத்துக்கொண்டு பல் தெரியும்வரை நின்றேன். பிறகு கதவைத் திறந்தால், வெளியே அவர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கையில் கார் கழுவுகிற வாளி. எங்களிடம் கார் இல்லை. வாளியை ஏன் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது. பத்து விரலும் இருக்கு. சரி, ஒன்பதே முக்கால்."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

அவர் உள்ளே வந்தார். ஸ்கூட்டரைத் தெருவிலிருந்து தள்ளி வந்து, பக்கத்துச் சுவரோரம் தகரக் கூரை போட்டு நிறுத்திவிட்டு, கூப்பிடாமலே வந்தார். முழுக்கைச் சட்டை. "மடியுங்க" என்றேன், மடித்தார். "முழங்கைக்கு மேல" என்றேன், மடித்தார்.

உருளைச் சட்டத்தைப் பார்த்தார். "இது இருக்கே. நான் எதுக்கு?"

"அதோட சண்டை போட முடியலையே" என்றேன்.

மறுபக்கம் நேராக நின்றார். பிளேடு நின்றிருக்கும்போதே இரண்டு தடவை பழகினோம். "பி—" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "தாங்குங்க." உள்ளங்கையைத் தட்டு ஏந்துகிற மாதிரி நீட்டினார். மெஷினைப் போட்டதும் கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. அணைத்தேன். வெளியே போனார். நான் கூப்பிடவில்லை. நான் தனியாகவே அறுத்தேன், சட்டம் தாங்கியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மறுபடி வந்தார். இந்தத் தடவை ஓடவில்லை. பலகை முனை அவர் உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. கை நடுங்கியது, பலகை நடுங்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பெஞ்ச் முடிந்தது. அறுப்புக் கோணிய பலகையை அடிப்பக்கத்துக்குக் குறுக்குச் சட்டமாக நறுக்கிப் போட்டேன், வீணாக்குவானேன். இரண்டு பேரும் பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் அதில் உட்கார்ந்தது கன்னம் வீங்கிய ஒரு தாத்தா. பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற நிலையில் அவர் இல்லை.

நாத்தனாருக்குச் சேதி போய்விட்டது. போன் செய்து, "அப்ப மெஷின் இருக்கத்தான் போகுதா?" என்றாள். "இருக்கும்கா" என்றேன். "எனக்கு ஒரு மேசை வேணும், பூத்தொட்டி வைக்க" என்றாள், சண்டை போடுகிற அதே குரலில்.

மே 3, ஞாயிறு

நாத்தனார் மேசைக்கு நாலு நீளச் சட்டம் வேண்டும். முதல் சட்டத்தை அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் வந்து நின்றார். மறுபக்கம் இல்லை, என் பக்கம்.

"நான் தள்ளிப் பாக்கட்டுமா?"

அவர் மணிக்கட்டில் கடிகாரத்தைத் தேடினேன். ஏற்கெனவே கழற்றியிருந்தார். சட்டைக் கை மடித்திருந்தது. என் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கென்று வாங்கியதை நான் போட்டுக்கொண்டு, உருளைச் சட்டத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, மறுபக்கம் போய் நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து மெஷினை நான் பார்த்ததே இல்லை. பல் எல்லாம் தள்ளுகிறவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதற்குப் பின்னால் அவர் முகம், உதட்டைக் கடித்துக்கொண்டு.

தள்ளினார். மெதுவாக, ரொம்ப மெதுவாக. முனை வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. பாதியில் அவர் தயங்கினார். சத்தம் மாறியது, மரம் கருகுகிற வாசனை லேசாக வந்தது. என் இரண்டு கையும் துடித்தன. அவர் கை அங்கே, பிளேடு இங்கே, நான் கொஞ்சம் என் பக்கம் இழுத்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும், அவருக்குச் சுலபமாகிவிடும். விரல்கள் தாமாகவே மடங்க ஆரம்பித்தன, அந்தக் குட்டை விரலும் சேர்ந்து.

மடக்கவில்லை. விரித்தே வைத்திருந்தேன். அவர் தள்ளுகட்டையை எடுத்தார், கடைசித் துண்டைத் தள்ளினார், சட்டம் முழுவதும் என் கைக்கு வந்தது. அணைத்தார். இருவரும் பிளேடு நிற்கும்வரை நின்றோம்.

அறுப்பு கொஞ்சம் கோணல். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எனக்கும் இழுக்கத்தான் தோணுச்சுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அடுத்த சட்டம் எங்கே?" என்றார்.